ஸ்டுட்கார்ட்டின் 106-வது நிமிடம்: ஒரு கை, பார்க்கப்படாத ஒரு திரை

2024 ஜூலை 5. ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைக் காலிறுதி. போட்டியை நடத்திய ஜெர்மனியும் ஸ்பெயினும் ஸ்டுட்கார்ட்டில் மோதின. 51-வது நிமிடத்தில் டானி ஓல்மோ ஸ்பெயினை முன்னிலைக்குக் கொண்டுபோனார். ஜெர்மனி ரசிகர்கள் கடிகாரத்தைப் பார்க்கவே அஞ்சிக்கொண்டிருந்த 89-வது நிமிடத்தில் ஃப்ளோரியான் விர்ட்ஸ் சமன் செய்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது.

கூடுதல் நேரத்தின் இரண்டாம் பாதி அப்போதுதான் தொடங்கியிருந்தது. பெனால்டி பகுதியின் விளிம்பருகே ஜமால் முசியாலாவுக்குப் பந்து கிடைத்தது. கோலைக் குறிவைத்து ஓங்கி உதைத்தார். குறுக்கே நின்ற ஸ்பெயின் இடது பின்கள வீரர் மார்க் குக்குரெயாவின் இடது கையில் பந்து பட்டுத் திரும்பியது. ஜெர்மனி வீரர்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். இங்கிலாந்து நடுவர் ஆண்டனி டெய்லர், ஆட்டம் தொடரட்டும் என்று சைகை காட்டினார். காட்சிகளைத் திரும்பப் பார்த்து நடுவருக்கு உதவும் வீடியோ அறையில் இருந்த ஸ்டூவர்ட் அட்வெல் காட்சியைச் சரிபார்த்தார், தலையிடவில்லை. எல்லைக்கோட்டருகே உள்ள திரைக்கு டெய்லர் போகவில்லை.

119-வது நிமிடத்தில் மிகெல் மெரினோ தலையால் முட்டி கோல் போட்டார். ஸ்பெயின் 2, ஜெர்மனி 1. டோனி குரூஸின் கால்பந்து வாழ்க்கை அந்த இரவோடு முடிந்தது. முன்கூட்டியே அறிவித்த ஓய்வுதான் என்றாலும், இப்படியொரு இரவில் முடியும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

மறுநாள் ஜெர்மனியில் குரூஸைப் பற்றிய பேச்சைவிட அந்தக் கையைப் பற்றிய பேச்சே அதிகம் இருந்தது. ஆட்டத்தை மறுபடி நடத்தக் கோரி இணையத்தில் ஒரு மனு கிளம்பியது, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். எந்த அமைப்பும் ஏற்காது என்று கையெழுத்திட்டவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

நான் அந்தக் காட்சியைப் பல கோணங்களில், பல முறை பார்த்துவிட்டேன். பெனால்டி கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கணிப்பு. ஆனால் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்கு அது காரணம் இல்லை. ஹேண்ட்பால், அதாவது பந்தைக் கையால் தொடும் குற்றம் பற்றியும் வீடியோ நடுவர் முறை பற்றியும் ரசிகர்கள் வைக்கும் குறைகள் ஏறக்குறைய எல்லாமே அந்தச் சில நொடிகளுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றில் எது நியாயம், எது வெறும் ஆத்திரம் என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியவில்லை.

ஆறு நாள் முன்பு, டோர்ட்மண்டில்

ஸ்டுட்கார்ட் கோபத்தின் அளவு புரிய வேண்டுமானால் ஜூன் 29-க்குப் போக வேண்டும். காலிறுதிக்கு முந்தைய சுற்றில் ஜெர்மனியும் டென்மார்க்கும் டோர்ட்மண்டில் ஆடின. இடியும் மின்னலும் வந்து முதல் பாதியில் ஆட்டம் சிறிது நேரம் நின்றது. இரண்டாம் பாதி தொடங்கியதும் டென்மார்க்கின் யோவாகிம் ஆண்டர்சன் கோல் போட்டார். வீடியோ சோதனையில், அவருடைய அணித் தோழர் தாமஸ் டெலானியின் பூட்ஸ் நுனி ஆஃப்சைடு கோட்டை (பந்து அனுப்பப்படும் நொடியில் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரைத் தாண்டி நிற்கக் கூடாது என்ற எல்லையை) தாண்டியிருந்தது என்று தெரிந்து கோல் ரத்தானது.

அடுத்த சில நிமிடங்களுக்குள் டேவிட் ராவும் பக்கவாட்டிலிருந்து அடித்த பந்து அதே ஆண்டர்சனின் கையை மிக அருகிலிருந்து உரசிக்கொண்டு போனது. மைதானத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்பது சந்தேகம். பந்துக்குள் இருந்த உணரி கவனித்தது. விநாடிக்கு 500 முறை பந்தின் அசைவைப் பதிவு செய்யும் கருவி அது. கை உரசிய நொடியில் கோடு துள்ளியதைக் காட்டும் வரைபடம் தொலைக்காட்சியில் ஓடியது. நடுவர் மைக்கேல் ஆலிவர் திரைக்குப் போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார், பெனால்டி கொடுத்தார். காய் ஹாவெர்ட்ஸ் அதை கோலாக்கினார். பின்னர் முசியாலாவும் ஒரு கோல் போட, ஜெர்மனி 2-0 என்று வென்றது.

டென்மார்க் பயிற்சியாளர் கேஸ்பர் யுல்மாண்ட் ஆட்டம் முடிந்ததும் கொதித்தார். தடுப்பாட்டக்காரர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். பந்து வந்த தூரம் மிகக் குறைவு. ஆண்டர்சன் ஓடும் வேகத்தில் கை வேறு எங்கே இருக்க முடியும்?

ஆக, ஆறு நாள் இடைவெளியில் ஒரே போட்டியில் இரண்டு தீர்ப்புகள். இரண்டு ஆட்டங்களையும் நடத்தியது இங்கிலாந்து நடுவர் குழுதான். டோர்ட்மண்டில் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாத ஒரு பந்து விரலை உரசியது, பெனால்டி. ஸ்டுட்கார்ட்டில் கோலை நோக்கிப் பாய்ந்த பந்தைக் கை நிறுத்தியது, ஒன்றுமில்லை.

டோர்ட்மண்டில் கொண்டாடிய ஜெர்மனி ரசிகர்களுக்கு ஸ்டுட்கார்ட்டில் புலம்ப உரிமை இல்லை என்று டென்மார்க் பக்கம் கேலி எழுந்தது. கேலி நியாயமானதுதான். ஆனால் அது வாதத்தை முடித்துவைக்கவில்லை. தன் அணிக்குச் சாதகமானதை ரசிகன் விரும்புவான் என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவையில்லை. சார்பே இல்லாத ஒருவர் இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தாலும் அவருக்கு நெருடும் என்பதுதான் இங்கே பொருட்டு.

சட்டத்தின் வாசகம்

ஹேண்ட்பால் கால்பந்து விதிகளில் 12-வது விதியின் கீழ் வருகிறது. கையைப் பந்தை நோக்கிக் கொண்டுபோய் வேண்டுமென்றே தொட்டால் குற்றம். இதில் சண்டை குறைவு. உடலை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கும் நிலையில் கை இருந்து, அதில் பந்து பட்டாலும் குற்றம். இயல்புக்கு மாறு என்றால் என்ன? அந்தக் குறிப்பிட்ட சூழலில் வீரரின் உடலசைவின் விளைவாகவோ, அந்த அசைவால் நியாயப்படுத்தக்கூடியதாகவோ கை இல்லை என்றால் அது இயல்புக்கு மாறு.

இந்த வாசகம் ஒரே நாளில் பிறக்கவில்லை. நோக்கத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் நடுவர் மனதைப் படிக்க வேண்டியிருக்கிறது என்று, 2019-ல் விதிகளை வகுக்கும் வாரியம் கையின் இடத்தை வைத்து விரிவான வரையறை கொடுத்தது. 2020-ல் தோளுக்கும் கைக்கும் எல்லை வகுத்தார்கள்: அக்குளின் அடிப்பகுதி வரை தோள், அதற்குக் கீழே கை. 2021-ல் சற்றே பின்வாங்கினார்கள். கையில் படும் ஒவ்வொரு தொடுதலும் குற்றமாகாது என்று தெளிவுபடுத்தினார்கள். அணித் தோழரின் கையில் தற்செயலாகப் பட்டு அடுத்தவர் போட்ட கோலைச் செல்லும் என்றார்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறும் பாடத்தை வைத்துக்கொண்டு பழைய ஆட்டங்களோடு ஒப்பிட்டு வாதிடுவதே ரசிகர்களுக்குப் பெரும் தலைவலி.

இந்த விதியை முழுதாகப் படித்தவர்களுக்கு ஒன்று கண்ணில் படும். பந்து கோலை நோக்கிப் போனதா, கூட்டத்துக்குள் போனதா என்ற கேள்வியே குற்றத்தின் வரையறையில் இல்லை. அட்டை காட்டும்போதுதான் அது வருகிறது. குற்றமா இல்லையா என்று முடிவு செய்யும்போது கையின் இடமும் உடலின் அசைவும் மட்டுமே கணக்கு.

ரசிகர்களின் அளவுகோல் தலைகீழ். அவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்: அந்தக் கை இல்லாவிட்டால் பந்து எங்கே போயிருக்கும்? ஸ்டுட்கார்ட்டுக்குப் பிறகு ஜெர்மனி பயிற்சியாளர் யூலியான் நாகெல்ஸ்மானும் இதையே சொன்னார். உதை பார்வையாளர் மாடத்துக்குப் போகிறது என்றால் பெனால்டி கேட்க மாட்டேன், கோலுக்குப் போகும் உதையைக் கை நிறுத்தினால் அது வேறு என்பது அவர் நிலை. தோற்றவரின் வாதம் என்று பலர் அப்போது தள்ளிவிட்டார்கள். செப்டம்பரில் அது வேறு வாயிலிருந்து வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீடியோ அறைக்கு விதிக்கப்பட்ட கேள்வி

வீடியோ உதவி நடுவர் முறை 2018-ல் விதிப்புத்தகத்தில் ஏறி, அதே ஆண்டு ரஷ்ய உலகக் கோப்பையில் அறிமுகமானது. ஸ்டுட்கார்ட் ஆட்டம் நடந்தபோது இருந்த விதிப்படி கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, தவறான வீரருக்கு அட்டை என்ற நான்கு விஷயங்களில் மட்டுமே அது தலையிடலாம். அதிலும் நடுவரின் முடிவு தெளிவான, வெளிப்படையான தவறாக இருக்க வேண்டும். அல்லது பெரிய சம்பவம் ஒன்றை அவர் காணாமல் விட்டிருக்க வேண்டும். ஆஃப்சைடு போன்ற அளக்கக்கூடிய விஷயங்களில் அறையிலிருந்து வரும் தகவலே போதும். கண்ணோட்டம் சார்ந்த விஷயங்களில் நடுவர் தானே திரையில் பார்த்து முடிவெடுப்பார்.

டெய்லர் சம்பவத்தைப் பார்த்தார். குற்றம் இல்லை என்று முடிவெடுத்தார். அட்வெல் முன்னால் இருந்த கேள்வி, 'இது ஹேண்ட்பாலா?' என்பது இல்லை. 'டெய்லர் சொன்னது யாரும் ஏற்க முடியாத தவறா?' என்பதே. போட்டி தொடங்கும் முன், ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவின் நடுவர் பிரிவுத் தலைவர் ரொபெர்டோ ரொசெட்டி கொடுத்த விளக்கத்தில், உடலுக்கு அருகே செங்குத்தாகத் தொங்கும் கைக்குத் தண்டனை தேவையில்லை என்ற வழிகாட்டல் இருந்தது. குக்குரெயாவின் கை தூக்கியிருக்கவில்லை. தொங்கியிருந்தது, ஆனால் ஒட்டியிருக்கவில்லை. அந்த வழிகாட்டலை மனதில் வைத்துப் பார்த்தால், இதை வெளிப்படையான தவறு என்று அட்வெல் சொல்லாதது வியப்பில்லை.

ரசிகர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று நிபுணர்கள் அடிக்கடி அலுத்துக்கொள்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தொடர்ந்து கால்பந்து பார்ப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் எதிர்க்கிறார்கள். ஒரே கையசைவு, நடுவர் முதலில் விசில் ஊதினால் பெனால்டியாக நிலைக்கிறது. ஊதாவிட்டால் ஒன்றுமில்லாமல் போகிறது. இரண்டையும் வீடியோ அறை மாற்றாது. அப்படியானால் கோடிக்கணக்கில் செலவழித்துப் பொருத்திய கருவிகள் அனைத்தும், ஒரு மனிதர் அரை நொடியில் பார்த்ததற்குக் காவல் நிற்கின்றன என்றுதானே பொருள்?

பெனால்டி என்று கருதும் நானே, அட்வெல்லின் நடத்தையையும் விதிப்படி புரிந்துகொள்ள முடிகிறது என்கிறேன். இது முரணாகத் தெரியலாம். முரண்தான். முறையை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

ரசிகர்கள் கேட்டவை

அந்த ஜூலையில் எழுந்த குரல்களில் அதிகம் ஒலித்தது: "திரையைப் போய்ப் பார்த்திருக்கலாமே." காலிறுதி, கூடுதல் நேரம், சமநிலை. 30 விநாடி ஒதுக்க என்ன தடை? டெய்லர் திரைக்குப் போய், பார்த்துவிட்டு, அப்போதும் பெனால்டி இல்லை என்று சொல்லியிருந்தால் கோபம் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது என்று பலர் சொன்னார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன், 2018 உலகக் கோப்பை இறுதியாட்டம் நினைவுக்கு வரும் வரை. குரோஷியாவின் இவான் பெரிசிச் கையில் பந்து பட்டது. அர்ஜென்டினா நடுவர் நெஸ்டர் பிடானா திரைக்குப் போனார், நெடுநேரம் பார்த்தார், நகர்ந்தார், மறுபடி வந்து பார்த்தார். பிறகு பெனால்டி கொடுத்தார். எதிரணியான பிரான்சின் கிரீஸ்மான் கோலடித்தார், பிரான்ஸ் 4-2 என்று கோப்பையை வென்றது. அந்தத் தீர்ப்பைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. திரையைப் பார்த்ததால் யாரும் சமாதானமாகவில்லை. இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது என்பதையே, தெளிவான தவறு இல்லை என்பதற்குச் சான்றாக குரோஷிய ஆதரவாளர்கள் காட்டினார்கள்.

எனவே திரை மருந்தாகாது. ஆனாலும் கோரிக்கையில் உண்மை உண்டு. மைதானத்தில் இருப்பவர்களுக்கு அப்போது விளக்கம் வந்தது, பெரும்பாலும் முடிவு மறுஆய்வுக்குப் போகும்போதுதான். 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவர்கள் ஒலிபெருக்கியில் முடிவை அறிவித்ததும் அத்தகைய மறுஆய்வுகளுக்குப் பிறகே. 'சரிபார்த்தோம், தலையிடவில்லை, காரணம் இது' என்று சொல்ல அப்போது ஏற்பாடு இல்லை. ஸ்டுட்கார்ட்டில் ஆயிரக்கணக்கானோர் அறிய விரும்பியது அந்த ஒரு வாக்கியத்தை.

இன்னொரு குரல், பழைய முறைக்கே திரும்புங்கள் என்பது: வேண்டுமென்றே தொட்டால் மட்டும் குற்றம், மற்றதெல்லாம் ஆட்டம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 2009-ல் பிரான்சின் தியரி ஆன்றி கையால் பந்தை ஏந்தி அயர்லாந்தின் உலகக் கோப்பைக் கனவை முடித்தபோது நடுவருக்கு நோக்கம் தெரியவில்லை என்பது பிரச்சினையில்லை, கையே தெரியவில்லை. வீடியோ வேண்டும் என்று ரசிகர்கள் உரக்கக் கேட்ட காலம் அது. கேட்டது கிடைத்தது. ஆனால் கேட்டது ஆன்றியின் கையைப் பிடிக்க. கிடைத்த கருவி ஆண்டர்சனின் விரலையும் சேர்த்துப் பிடித்தது. அதே ஐரோப்பியக் கோப்பையில் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக பெல்ஜியத்தின் ரொமேலு லுகாகு போட்ட கோல், அதற்கு முன் லோயிஸ் ஒபெண்டாவின் கை பந்தை உரசியதைப் பந்தின் உணரி காட்டியதால் ரத்தானது. உணரி பொய் சொல்லவில்லை. தொட்டதா என்ற கேள்விக்கு அது துல்லியமாகப் பதில் சொல்கிறது. தொட்டது குற்றமா என்று அதனிடம் கேட்க முடியாது. ஆனால் துள்ளும் கோட்டைத் திரையில் காட்டிய பிறகு, பார்ப்பவர் மனதில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. டோர்ட்மண்டில் அதுதான் நடந்தது என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் தூக்கி எறியுங்கள் என்பவர்களும் உண்டு. அவர்கள் சிறு கூட்டம் என்று எண்ண வேண்டாம். சுவீடனில் கிளப்புகளின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்களிடம், அதாவது ரசிகர்களிடம் இருக்கிறது. அவர்கள் எதிர்த்ததால் 2024-ல் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் வீடியோ முறையைக் கொண்டுவரும் முயற்சியைக் கைவிட்டது. பக்கத்து நாடான நார்வேயில் அது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. ஸ்டுட்கார்ட் ஆட்டம் முடிந்து இரு வாரங்கள் சற்றே கடந்த நிலையில், ஜூலை 21 அன்று, ட்ரோண்ட்ஹைமில் ரோசன்போர்க் - லில்லெஸ்ட்ரோம் ஆட்டத்தில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும் மீன் கட்லெட்டுகளையும் மைதானத்துக்குள் எறிந்தார்கள். ஆட்டமே கைவிடப்பட்டது. இங்கிலாந்தில் நேர் எதிர்: 2024 ஜூனில் வீடியோ முறையை நீக்க உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் கொண்டுவந்த தீர்மானம், பிரீமியர் லீக் கிளப்புகள் வாக்களித்தபோது 19-1 என்று தோற்றது. ஆதரித்த ஒரே கிளப் அதைக் கொண்டுவந்த கிளப்தான். ரசிகர்கள் கையில் வாக்கு இருக்கும் இடத்தில் ஒரு முடிவு, உரிமையாளர்கள் கையில் இருக்கும் இடத்தில் வேறு முடிவு.

நீக்கச் சொல்பவர்களின் மனக்குறை பெரும்பாலும் தவறான தீர்ப்பைப் பற்றியதே இல்லை. கோல் விழுந்ததும் கட்டிப்பிடித்துக் குதிப்பதற்குப் பதிலாக, செல்லுமா என்று திரையைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். நடுவர் தவறு செய்தால் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்; ஆறு கேமராவுக்குப் பிறகும் தவறு நடந்தால் யாரைத் திட்டுவது? இந்த வாதத்தை எந்தப் புள்ளிவிவரத்தாலும் தோற்கடிக்க முடியாது. சரியான தீர்ப்புகள் கூடியிருக்கின்றன என்று காட்டினாலும், அவர்கள் கேட்டது அதை இல்லையே.

செப்டம்பரில் வந்த குறிப்பு

போட்டி முடிந்து இரண்டு மாதம் கழித்து, யூஃபாவின் நடுவர் குழு நடுவர்களுக்கு அனுப்பிய குறிப்பு ஒன்று ஊடகங்களில் வெளியானது. ஸ்டுட்கார்ட் சம்பவம் அதில் ஓர் எடுத்துக்காட்டு. அண்மை வழிகாட்டுதலின்படி, கோலை நோக்கிய உதையைக் கை நிறுத்தினால் கடுமையாகப் பார்க்க வேண்டும். கை உடலோடு ஒட்டியோ மிக நெருங்கியோ இருந்தால் ஒழியப் பெரும்பாலும் தண்டிக்க வேண்டும். குக்குரெயாவின் கை அவ்வளவு நெருக்கமாக இல்லை, உடல் பெரிதானது, ஆகவே பெனால்டி கொடுத்திருக்க வேண்டும். குறிப்பின் சாரம் இவ்வளவுதான்.

இதில் யூஃபா தவற்றை ஒப்புக்கொண்டது என்பதையே செய்திகள் பிடித்துக்கொண்டன. எனக்குப் பெரிதாகப் பட்டது காரணம். கோலை நோக்கிய உதை! விதியின் வரையறையில் இல்லாத, ஜூலையில் ஜெர்மனி ரசிகர்களும் நாகெல்ஸ்மானும் சொன்னபோது உணர்ச்சிவசப்பட்ட பேச்சாகத் தெரிந்த அதே அளவுகோல், வழிகாட்டுதலின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பந்து எங்கே போய்க்கொண்டிருந்தது என்று கேட்டவர்கள் விதி தெரியாதவர்கள் என்றால், நடுவர்களுக்கே இப்போது அதைத்தான் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த அளவுகோலை நேர்மையாகப் பின்பற்றினால் டோர்ட்மண்ட் பெனால்டியின் நிலை என்ன என்றும் கேட்க வேண்டும். ராவும் அடித்தது கோலை நோக்கிய உதை இல்லை, பக்கவாட்டுப் பந்து. ஜெர்மனி ரசிகர்கள் இந்தக் கேள்வியை அவ்வளவு விரும்பமாட்டார்கள். டென்மார்க் ரசிகர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்பெயின் பக்கத்துப் பதில் எளிமையானது. பெனால்டி கொடுத்திருந்தாலும் அது கோலாகும் என்று என்ன உறுதி? கோலானாலும் மீதி நேரம் இருந்ததே. அதுவும் சரிதான்.

பெர்லின்

குக்குரெயா விசில் ஊதவும் இல்லை, திரையைப் பார்க்காமலும் இருக்கவில்லை. பந்துக்குக் குறுக்கே நின்றார், அவ்வளவே. ஆனாலும் முனிச்சில் பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில் அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் மாடத்திலிருந்து சீழ்க்கை கிளம்பியது. ஜூலை 14 அன்று பெர்லினில் இங்கிலாந்துக்கு எதிரான இறுதியாட்டத்திலும் விடவில்லை. நடுவர் அறையைப் பார்த்து ஊத முடியாத சீழ்க்கை, கண்ணுக்குத் தெரிந்த ஒரே மனிதர் மேல் விழுந்தது.

86-வது நிமிடம், ஆட்டம் 1-1. இடது பக்கம் ஓடிய குக்குரெயா தரையோடு தரையாகப் பந்தைக் குறுக்கே அனுப்பினார். மிகெல் ஒயார்சாபால் சறுக்கிக்கொண்டே வந்து காலை நீட்டி கோலுக்குள் தள்ளினார். ஆஃப்சைடு சோதனை நடந்தது. கணினி வரைந்த படத்தில் ஒயார்சாபால் கடைசித் தடுப்பாட்டக்காரரைவிட மயிரிழை பின்னால் இருந்தார். கோல் செல்லும் என்றது அறை. கோப்பை ஸ்பெயினுக்குப் போனது.

இங்கிலாந்து வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொள்ளவில்லை. மறுநாள் யாரும் மனு எழுதவில்லை.